ஊர்க் கண்மாயை வைத்து இடர்க் கணக்கு: புதியவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டு கவலை. மழை வரவில்லையே என்பது ஒன்று. வந்தபின் கண்மாய் தாங்குமா என்பது இன்னொன்று. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. நான் வேலை பார்ப்பது ஆலைப் பாதுகாப்பில். பாய்லர், ரசாயனத் தொட்டி, தீயணைப்பு பம்பு இவையெல்லாம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை கைவிடும், கைவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவதுதான் தொழில். காரைக்குடியில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்டார்கள். ஆலையை வைத்துச் சொன்னால் முகம் தெரியாத இயந்திரமாக இருக்கும். கண்மாய் எல்லாருக்கும் தெரியும். கரை, தண்ணீரைத் திறந்துவிடும் மடை, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு, தண்ணீர் வந்துசேரும் வரத்துக்கால், மழை, மனிதர்கள் எல்லாம் சேர்ந்த சிக்கலான அமைப்பு அது. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த முறையின் பெயர் நிகழ்தகவுசார் இடர் மதிப்பீடு. பெயர்தான் நீளம். 1981ல் ஸ்டான்லி கப்லான், ஜான் காரிக் என்ற இருவர் இதை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார்கள். என்ன தவறாகப் போகலாம்? அதற்கு எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் விளைவு என்ன? கீழே வரும் எல்லாமே இந்த மூன்றுக்குப் பதில் தேடும் வேலைதான்.

கணினியைத் திறக்கும் முன் கரையில் நடங்கள்

நான் நடந்தபோது ஊரின் பழைய நீர்பாய்ச்சி ஒருவர் கூட வந்தார். எழுபதைத் தாண்டியவர். மடைக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புறம் ஓரிடம் ஈரமாக இருந்தது. அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

“தெளிஞ்ச தண்ணி தம்பி, பயமில்ல. இதே கலங்கி வந்துச்சுன்னா ஆளைக் கூப்பிடணும்.”

இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. மண்கரையில் கசிவு இருக்கத்தான் செய்யும். தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது என்று பொருள். கலங்கி வந்தால் கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. எலி வளை, நண்டு வளை, செத்த மரத்தின் வேர் மக்கிய துளை என்று ஏதோ ஒரு வழி உள்ளே அகன்றுகொண்டிருக்கிறது. வெளியே கரை முழுதாகத் தெரியும்போதே உள்ளே குழாய் ஓடிவிடும்.

கரை எப்போதாவது உடைந்திருக்கிறதா ஐயா என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை. நான் பள்ளிக்கூடம் போகையில ஒண்ணு, கல்யாணமான வருசம் ஒண்ணு. ரெண்டுமே மேக் கண்மாய் உடைஞ்சு வந்த தண்ணி. நம்ம கண்மாய் தானா உடையல.”

இதை அப்படியே குறித்துக்கொண்டேன். கடைசியில் இந்த இரண்டு வரிதான் என் கணக்கைத் திருத்தியது. நீங்களும் தேதி, இடம், சொன்னவர், என்ன பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே நடங்கள். ஆலையாக இருந்தால் ஷிப்ட் ஆபரேட்டரோடு நடங்கள்.

எல்லையும் தொடக்க நிகழ்வும்

எதுவரை கணக்கில் சேர்க்கிறோம் என்று முதலில் எழுதிவிட வேண்டும். எங்கள் கண்மாய், அதன் கலிங்கு, இரண்டு மடை, கீழே உள்ள வயல், சாலை, வீடுகள் என்று முதலில் எல்லை போட்டேன். மேலே உள்ள கண்மாயைச் சேர்க்கவில்லை. அது தவறு என்று பிறகு தெரிந்தது. நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை. ஒன்றின் கலிங்கு வழியும் தண்ணீர் அடுத்ததன் வரத்து. சங்கிலித் தொடர். நிர்வாகம் மட்டும்தான் துண்டு துண்டாக இருக்கிறது: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை நீர்வளத் துறை வசம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் வசம். தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. எல்லையைத் தண்ணீர் போகும் வழியைப் பார்த்துப் போடுங்கள், கோப்பைப் பார்த்துப் போடாதீர்கள்.

அடுத்தது, கதை எங்கே தொடங்குகிறது என்பது. “பெருமழை” என்று எழுதினால் ஆளுக்கு ஒரு பொருள் கொள்வார்கள். வானிலைத் துறையின் அளவையே எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. எங்கள் தொடக்க நிகழ்வு இதுதான்: கண்மாய் நிறைந்திருக்கும்போது மிகக் கனமழை பெய்வது. இது 10 வருஷத்துக்கு ஒருமுறை, அதாவது வருஷத்துக்கு 0.1 என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் எங்கள் கண்மாய்க்கென்று நான் தரும் எண்கள் பயிற்சிக்காகச் சுருக்கியவை. உங்கள் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

“நூறு வருஷ மழை” என்ற சொல்லிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறு வருஷத்துக்கு வராது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் 100ல் 1 வாய்ப்பு, அவ்வளவுதான். 30 வருஷத்தில் ஒருமுறையாவது வருவதற்கு 1லிருந்து 0.99இன் 30ஆம் அடுக்கைக் கழியுங்கள். 0.26 வரும். வீட்டுக் கடன் அடைக்கும் காலத்துக்குள் நான்கில் ஒரு வாய்ப்பு.

கலிங்கு ஏன் ஓடாது? பின்னோக்கிக் கேளுங்கள்

பிழை மரம் என்பது ஒரு கெட்ட முடிவை உச்சியில் எழுதிவிட்டு, “இது நடக்க என்ன நடந்திருக்க வேண்டும்?” என்று கீழே கேட்டுக்கொண்டே போவது. 1962ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஏவுகணை ஏவும் அமைப்புக்காகத் தொடங்கிய முறை இது. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

உச்சியில் “கலிங்கு வழியே வெள்ளம் போகவில்லை” என்று எழுதுங்கள். கீழே எங்களுக்கு மூன்று காரணம் கிடைத்தது. சீமைக்கருவேலமும் குப்பையும் அடைத்துக்கொள்வது, ஒரு பெருமழைக்கு 0.1 வாய்ப்பு. வழியும் வாய்க்கால் ஆக்கிரமிப்பில் குறுகிப்போனது 0.05. மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் பயந்துபோய்க் கார்த்திகைக்கு முன்பே அடைத்துவிடுகிறோம். பிறகு பெருமழை வருகிறது. அதற்கு 0.08.

இந்த மூன்றில் எது நடந்தாலும் கலிங்கு ஓடாது. இதை “அல்லது” இணைப்பு என்போம். சும்மா கூட்டினால் 0.23. சரியாகப் போட, நடக்காமல் இருக்கும் வாய்ப்புகளைப் பெருக்கி 1லிருந்து கழிக்க வேண்டும். 0.9 × 0.92 × 0.95 = 0.79, கழித்தால் 0.21. எனவே 0.2. எண்கள் சிறியதாக இருந்தால் கூட்டினாலே போதும், பெரிய வித்தியாசம் வராது.

இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் உச்சி நிகழும் என்றால் அது “மற்றும்” இணைப்பு. அங்கே பெருக்க வேண்டும். பெருக்குவதில்தான் ஆபத்து இருக்கிறது, அதைத் தனியாகப் பார்ப்போம்.

சும்மா இருக்கும் பொருளின் கணக்கு

மடைக் கதவு வருஷத்தில் சில நாள்தான் அசைகிறது. மற்ற நாளெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. (துருவைப் பற்றிப் படிக்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1953லிருந்து காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்கியமான துறைகளில் அரிமானமும் ஒன்று.) இப்படிக் காத்திருக்கும் கருவிகளுக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: பழுதாகும் வேகத்தைச் சோதனை இடைவெளியால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். வருஷத்துக்கு 0.2 வேகத்தில் கதவு இறுகிப்போகும் என்று கொள்வோம். வருஷம் ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தால், தேவைப்படும் நேரத்தில் அது திறக்காமல் போக 0.1 வாய்ப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருகிப் பார்த்தால் 0.025. காசு செலவில்லாமல் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆலையில் தீயணைப்பு பம்பை வாராவாரம் ஓட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

எண் எங்கிருந்து வரும்?

புதியவர்கள் திணறும் இடம் இது. ஆலைக் கருவிகளுக்குப் பழுதுத் தரவுத் தொகுப்புகள் கிடைக்கும். கண்மாய்க்கு? பதிவேட்டில் 30 வருஷத்துக்கு விவரம் இருக்கிறது, ஒரு உடைப்பும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடர் பூஜ்யம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஒருமுறையும் நடக்காதபோது 3ஐ வருஷக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 3/30 = 0.1. அதாவது உண்மையான வேகம் வருஷத்துக்கு 0.1 வரை இருந்தாலும் இப்படி 30 வருஷம் அமைதியாகக் கழிவதற்கு 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு நடு மதிப்பு வேண்டுமென்றால் அரை நிகழ்வு நடந்ததாகக் கொள்வது வழக்கம்: 0.5/30, சுமார் 0.017.

பக்கத்து ஊர்களையும் சேருங்கள். ஒரே மாதிரியான 40 கண்மாய்களின் 30 வருஷம் என்றால் 1200 கண்மாய்-வருஷம். அதில் மூன்று உடைப்பு இருந்தால் 0.0025 என்று ஒரு பிடிமானம் கிடைக்கும். பெரியவர்களின் நினைவையும் தரவாக எடுங்கள், ஆனால் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப் பாருங்கள்.

பழைய தரவு காட்டாத மழையும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாவட்டத்தின் ஒரு வருஷச் சராசரியைவிட அது அதிகம். அங்கே குளங்கள் வரிசையாக உடைந்ததை எல்லாரும் பார்த்தோம். முப்பது வருஷப் பட்டியலின் உச்ச மழையையே எல்லை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிகழ்வு மரம்: முன்னோக்கிப் போங்கள்

தொடக்க நிகழ்விலிருந்து இடமிருந்து வலமாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு காப்பும் வேலை செய்ததா, இல்லையா என்று கோடு இரண்டாகப் பிரியும்.

மிகக் கனமழை: 0.1. கலிங்கு ஓடவில்லை: 0.2. ஆள் கவனித்து, மடையைத் திறந்து கொஞ்சம் இறக்கி, தாழ்ந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கிச் சமாளிக்கவில்லை: 0.3 (ஆள் கவனிக்காமல் போவது 0.22, கதவு இறுகியிருப்பது 0.1). அதற்கப்புறமும் கரை உடைவது: 0.25. பெருக்கினால் வருஷத்துக்கு 0.0015. ஏறக்குறைய 670 வருஷத்துக்கு ஒருமுறை.

முதல் முறை இந்த விடை வந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு நோட்டைப் புரட்டினேன். பெரியவரின் 65 வருஷ நினைவில் இரண்டு உடைப்பு. வேகம் உண்மையிலேயே 0.0015 என்றால், 65 வருஷத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் உடைவதற்கு ஆயிரத்தில் 4 அல்லது 5 வாய்ப்புதான். ஒன்று பெரியவர் தவறு, இல்லை என் கணக்கு தவறு.

பெருக்கும் முன் நில்லுங்கள்

என் கணக்குதான் தவறு. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெருக்கலாம் என்று சொல்ல வேண்டுமானால் ஒன்று கைவிடுவதற்கும் மற்றது கைவிடுவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. கண்மாயில் அப்படியா? கலிங்கில் கிளையும் குப்பையும் வந்து அடைப்பது பெருங்காற்றோடு மழை கொட்டும் இரவில். அதே இரவில்தான் மின்சாரம் போகிறது, செல்போன் கோபுரம் ஓய்கிறது, கரைக்குப் போகும் மண்பாதை மூழ்குகிறது. அப்போது ஆள் வந்து சமாளிக்காமல் போகும் வாய்ப்பு 0.3 இல்லை, 0.8 இருக்கும். ஒரே காரணம் இரண்டு காப்பையும் சேர்த்துச் சாய்க்கிறது. தொழிலில் இதற்குப் பொதுக்காரணப் பழுது என்று பெயர்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் தானாக ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரம் கழித்துச் சுனாமி வந்தது. பெரும்பாலான ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தும் ஒன்றாகவே மூழ்கின. காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர், ஆறாவது உலைக்கு உரியது, உயரமான இடத்தில் இருந்ததால் ஓடியது. எண்ணிக்கை காப்பாற்றவில்லை, இடம்தான் காப்பாற்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆலையில் இரண்டு தீயணைப்பு பம்புக்கு 0.01ஐயும் 0.01ஐயும் பெருக்கிப் பத்தாயிரத்தில் ஒன்று என்று அறிக்கை எழுதினேன். மூத்த பொறியாளர் என்னை பம்பு அறைக்கு அழைத்துப் போய்த் தரையைக் காட்டினார். இரண்டு பம்பின் கேபிளும் ஒரே பள்ளத்தில் போயின. பள்ளத்தில் எண்ணெய் தேங்கியிருந்தது. அன்றிலிருந்து பெருக்கல் குறி போடும் முன் ஒரு பட்டியலை ஓட்டிப் பார்க்கிறேன்: ஒரே இடமா, ஒரே மின்சாரமா, ஒரே தண்ணீரா, ஒரே ஆள் பராமரிப்பதா, ஒரே நாளில் வாங்கியதா, ஒரே மழையா?

இனி கணக்கைத் திருத்துவோம். முதல் வழி: 0.1 × 0.2 × 0.8 × 0.25 = 0.004. இரண்டாவது வழி நான் எல்லைக்கு வெளியே விட்டது. அதே மழையில் மேல் கண்மாய் உடைவது 0.1, அந்த வெள்ளம் வந்தால் நம் கரை உடைவது 0.5. எனவே 0.1 × 0.1 × 0.5 = 0.005. இரண்டையும் கூட்டினால் 0.009. 110 வருஷத்துக்கு ஒருமுறை. (இரண்டு வழியும் ஒரே இரவில் நடப்பதைக் கழித்தால் கொஞ்சம் குறையும், பொருட்படுத்த வேண்டாம்.)

இந்த வேகத்தில் 65 வருஷத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் உடைவதற்கு 12 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிடுகிறேன் போலும், ஆனால் நம்பக்கூடிய விடை. 30 வருஷத்தில் உடையும் வாய்ப்பு பழைய கணக்கில் 4 சதவீதம், புதியதில் 24 சதவீதம். மழை மாறவில்லை, கரை மாறவில்லை. எது எதோடு சேர்ந்து விழும் என்று கேட்டதுதான் மாறியது.

விளைவு

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபின் இங்கே வந்து மேடான இடம் பார்த்துக் குடியேறினோம் என்பது நகரத்தார் வழிவழியாகச் சொல்வது. கானாடுகாத்தான் பக்கம் போனால் பெரிய வீடுகளின் திண்ணை தெருவைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இன்று கண்மாய்க்குக் கீழே, பழைய வயலில், பிளாட் போட்டு விற்கிறார்கள். கரை அப்படியே இருக்க, உடைப்பின் வாய்ப்பும் அப்படியே இருக்க, இடர் மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. ஆகவே விளைவுப் பத்தியை வருஷம் ஒருமுறை புதிதாக எண்ணுங்கள்: எத்தனை வீடு, இரவில் எத்தனை பேர், வயதானவர்கள் எத்தனை, டிரான்ஸ்பார்மர் எங்கே, தப்பிக்கும் பாதை மூழ்குமா. வாய்ப்பையும் உயிரிழப்பையும் பெருக்கி ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள். வருஷம் ஒருவர் இறப்பதும், ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை ஆயிரம் பேர் இறப்பதும் பெருக்கலில் ஒன்றுதான். ஓர் ஊருக்கு ஒன்றல்ல. தனித்தனி வரியாக எழுதுங்கள்.

எவ்வளவு தெரியாது என்பதையும் எழுதுங்கள்

0.009 என்று ஒற்றை எண்ணை யாரிடமும் நீட்டாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் குறைந்தது, அதிகபட்சம் என்று வரம்பு வையுங்கள். ஆள் சமாளிக்காமல் போவது 0.5 முதல் 0.95 வரை இருக்கலாம். அப்புறம் எக்செல்லில் தற்செயல் எண் தரும் ராண்ட் (RAND) கட்டளையால் அந்த வரம்புக்குள் ஒரு எண்ணை எடுக்கச் சொல்லி, பெருக்கி, அந்த வரியைப் பத்தாயிரம் முறை நகலெடுங்கள். விடைகளை வரிசைப்படுத்தி 500ஆவது, 9500ஆவது எண்களைப் படித்தால் அதுதான் உங்கள் வரம்பு. மான்டி கார்லோ முறை என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான். ஒரு பொறி உண்டு: இரண்டு மடைக்கும் நீங்கள் ஒரே ஊகத்தை வைத்திருந்தால், இரண்டுக்கும் ஒரே ராண்ட் எண்ணைத்தான் தர வேண்டும். ஊகம் தவறினால் இரண்டும் சேர்ந்தே தவறும். தனித்தனி எண் தந்தால் வரம்பு பொய்யாகச் சுருங்கும்.

கணக்கு சொல்லும் வேலை

ஒவ்வொரு கிளையையும் மாற்றிப் பார்த்தால் எதில் கைவைப்பது என்று தெரியும். கலிங்கைப் புரட்டாசியிலேயே துப்புரவாக்கி, மழை முடியும் முன் அடைப்பதை நிறுத்தினால் 0.2 என்பது 0.05 ஆகும், மொத்தம் 0.006. மேல் கண்மாயின் உடைப்பு வாய்ப்பைப் பாதியாக்கினால் மொத்தம் 0.0065. இரண்டும் செய்தால் 0.0035. முதலாவதற்கு ஒரு ஜே.சி.பி.யும் ஒரு கூட்டமும் போதும். இரண்டாவதற்குப் பக்கத்து ஊராட்சியோடு உட்கார்ந்து பேச வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு ஊர் காவலாளிகளுக்குள் ஒரு போன் தொடர்பு, மேல் கண்மாயில் தண்ணீர் கலிங்கைத் தொட்டதும் ஒரு தகவல், இவற்றிலிருந்து தொடங்கலாம்.

1975ல் அமெரிக்காவில் நார்மன் ராஸ்முசன் தலைமையில் வந்த அணு உலை இடர் ஆய்வு, பெரிய குழாய் உடைவதைவிடச் சிறிய கசிவும் மனிதத் தவறும் சேர்வதுதான் கூடுதல் ஆபத்து என்று காட்டியிருந்தது. அதன்படி யாரும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 1979 மார்ச்சில் அங்கேயே த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், மூடாமல் நின்றுவிட்ட ஒரு வால்வு வழியே, ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது. உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் எண் வேண்டாம். யார், என்ன வேலையை, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்.

தை மாதத்தில் மீண்டும்

மழைக்காலம் முடிந்ததும் நோட்டை எடுத்து எண்களைப் புதுப்பியுங்கள். கலிங்கு 0.2 என்பது 10 பெருமழையில் 2 முறை அடைத்தது என்ற அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருஷம் இரண்டு பெருமழை, ஒருமுறை அடைத்தது. புதிய எண் 12ல் 3, அதாவது 0.25. மடைக் கதவை எத்தனை முறை திருகினீர்கள், எத்தனை முறை இறுகியிருந்தது என்பதையும் சேருங்கள். அந்த ஈரமான இடத்துக்கும் போய்க் கையில் தண்ணீரை ஏந்திப் பாருங்கள். தெளிவா கலங்கலா என்று தேதியோடு எழுதுங்கள்.